மரத்தில் மாட்டிய கின்னரம்

1978-ம் ஆண்டு. ஐரோப்பாவின் நடன அரங்குகளில் ஒரு பாட்டு சக்கைப்போடு போட்டது. 'போனி எம்' குழுவின் 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்'. பிரிட்டனில் விற்பனைப் பட்டியலில் முதலிடம். துள்ளலான தாளம். கேட்டால் கால் தானாக ஆடும்.

ஆடியவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும், அது ஓர் அழுகைப் பாட்டு என்று? அதுவும் சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முந்தைய அழுகை!

பைபிளில் உள்ள 150 சங்கீதங்களில் 137-வது அது. எபிரேய மொழியில் இந்தத் தொகுப்புக்குத் 'தெஹிலிம்' என்று பெயர். துதிகள் என்று பொருள். தமிழில் புராட்டஸ்டன்ட் சபையினர் 'சங்கீதம்' என்கிறார்கள். கத்தோலிக்கர்கள் 'திருப்பாடல்கள்' என்கிறார்கள். பெயர்தான் துதிகள். உள்ளே புலம்பல், கோபம், சந்தேகம், கடவுளோடு சண்டை என எல்லாமே இருக்கின்றன. 137-வது பாடல் ஒன்பதே வசனங்கள். ஆனால், அதன் பயணம் பெரிது.

ஆற்றங்கரையில் நடந்தது என்ன?

கி.மு. 586 வாக்கில் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமைப் பிடித்தது. ஆலயம் எரிந்தது. யூதேயாவின் அரச குடும்பம், கைவினைஞர்கள், குருக்கள் எனப் பலரும் வெவ்வேறு கட்டங்களில் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

இது வெறும் கதையல்ல. பாபிலோன் நகரை அகழ்ந்தபோது, அரண்மனைக் களிமண் பலகைகள் கிடைத்தன. யாருக்கு எவ்வளவு எண்ணெய் அளக்க வேண்டும் என்ற கணக்கு அது. அதில் ஒரு பெயர், யூதேயாவின் அரசன் யோயாக்கீன். அவருடைய ஐந்து மகன்களுக்கும் சேர்த்து எண்ணெய் அளந்திருக்கிறார்கள். நாட்டை ஆண்டவர், எதிரியின் கிடங்கில் எண்ணெய்க்குக் காத்திருந்தார்!

சாதாரணக் கைதிகள் வாய்க்கால் ஓரங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். அங்கேதான் இந்தப் பாட்டு தொடங்குகிறது. நீர்க்கரையில் உட்கார்ந்து ஊரை நினைத்து அழுகிறார்கள். கையிலிருந்த கின்னரத்தை மரத்தில் மாட்டிவிட்டார்கள். சிறைபிடித்தவர்கள் வந்து, உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று பாடுங்கள், கேட்டு மகிழ்கிறோம் என்கிறார்கள். அந்நிய மண்ணில் எங்கள் கடவுளின் பாட்டை எப்படிப் பாடுவது என்று இவர்கள் திகைக்கிறார்கள்.

கைதிகளை வாசிக்க வைப்பது அந்தக் காலத்தில் நடந்ததுதான். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் அசீரியச் சிற்பப் பலகை ஒன்று இருக்கிறது. இந்தப் பாட்டுக்கும் நூறாண்டுக்கு மேல் முந்தையது. மூன்று கைதிகள் கின்னரத்தை வாசித்தபடி நடக்கிறார்கள். பின்னால் ஆயுதத்தோடு ஒரு வீரன். அந்த மூவரும் யூதேயர்களாக இருக்கலாம் என்பது அறிஞர்கள் சிலரின் கருத்து.

மறுத்த கையோடு ஒரு சபதமும் வருகிறது. எருசலேமை மறந்தால் வலது கை தன் திறமையை இழக்கட்டும்; நாக்கு மேல்வாயோடு ஒட்டிக்கொள்ளட்டும். கவனித்தால் புரியும். வாசிப்பவருக்குக் கை, பாடுபவருக்கு நாக்கு. இசைக்கலைஞர் பணயம் வைக்கக்கூடியது இவை இரண்டைத்தான்!

அலரியா, வில்லோவா?

கின்னரத்தை மாட்டிய மரம் எது? ஆங்கில பைபிள் 'வில்லோ' என்றது. இதை நம்பித்தான் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ், கிளைகள் தொங்கி அழுவதுபோல் நிற்கும் வில்லோவுக்கு 'சாலிக்ஸ் பாபிலோனிகா' என்று பெயர் வைத்தார். பிறகுதான் தெரிந்தது, அந்த மரத்தின் பூர்விகம் சீனா! பாபிலோன் கரையில் நின்றது யூப்ரடீஸ் பாப்லர் என்ற வேறு மரமாக இருக்கலாம் என்கிறார்கள் இன்றைய ஆய்வாளர்கள். பழைய தமிழ் பைபிளில் அது அலரிச்செடி ஆகிவிட்டது. மரம் மாறினாலும் கின்னரம் மாறவில்லை. எபிரேயத்தில் அதன் பெயர் 'கின்னோர்'.

வாத்தியம் ஓய்ந்தது... குரல் ஓயவில்லை!

கி.மு. 539-ல் பாரசீக அரசன் கோரேஸ் பாபிலோனைப் பிடித்தான். யூதர்கள் ஊர் திரும்பலாம் என்றான். ஆலயம் மறுபடி எழுந்தது. லேவியர்கள் கின்னரமும் கைத்தாளமுமாகச் சங்கீதங்களைப் பாடினார்கள். கி.பி. 70-ல் ரோமானியர்கள் அந்த ஆலயத்தையும் இடித்தார்கள். அங்கே ஒலித்த மெட்டுகளும் அதோடு போயின. இன்று நம் கையில் இருப்பவை சொற்கள் மட்டுமே.

பாரம்பரிய யூத ஜெப ஆலயங்களில் ஓய்வுநாள் வழிபாட்டில் இன்றும் வாத்தியம் ஒலிப்பதில்லை. ஓய்வுநாள் விதிகள் ஒரு காரணம். இடிந்த ஆலயத்துக்கான துக்கம் இன்னொரு காரணம். வெறும் குரலில்தான் சங்கீதங்கள்.

முதல் கிறிஸ்தவர்கள் யூதர்களே. ஆகவே, அதே பாட்டுப் புத்தகம் அவர்களோடும் போனது. 6-ம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தன் துறவிகளுக்கு எழுதிய விதியில், 150 சங்கீதங்களையும் வாரத்துக்குள் பாடி முடிக்க வேண்டும் என்றார். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளில், தவக்காலம் நெருங்கும் ஞாயிறுகளில் 137-வது பாடல் ஒலிக்கிறது. பாவத்தில் இருப்பவர் வீட்டை விட்டுத் தொலைவில் இருப்பவர் என்ற பொருளில் அவர்கள் பாடுகிறார்கள்.

ரோஸ்ஸியின் துணிச்சல்

17-ம் நூற்றாண்டின் தொடக்கம். இத்தாலியின் மான்ட்டுவா நகரில் சலமோனே ரோஸ்ஸி என்ற யூத இசைக்கலைஞர் இருந்தார். புகழ்பெற்ற மான்ட்டிவெர்டி வேலை பார்த்த அதே அரண்மனையில்தான் இவருக்கும் வேலை. யூதர்கள் தங்களை அடையாளம் காட்டும் சின்னத்தை உடையில் அணிந்தாக வேண்டிய காலம். அதிலிருந்து ரோஸ்ஸிக்கு 1606-ல் பிரபு விலக்கு கொடுத்தார். அவ்வளவு மதிப்பு!

அரண்மனைக்கு நடன இசையும் காதல் பாட்டும் எழுதிய அந்தக் கை, தன் மக்களுக்காகவும் எழுத விரும்பியது. எபிரேயச் சங்கீதங்களுக்குப் பல குரல்கள் இணைந்து பாடும் இசையை அமைத்தார். ஜெப ஆலயத்தில் இப்படி ஒரு புதுமையா என்று எதிர்ப்பு வரும் என்பது தெரிந்ததே. ஆலயம் இடிந்து கிடக்கும்போது அலங்காரப் பாட்டு எதற்கு என்பது பெரியவர்களின் பழைய கேள்வி. வெனிஸ் நகர ரபி லியோன் மொதேனா, ரோஸ்ஸிக்குத் துணை நின்றார். இந்த இசை ஒருகாலத்தில் லேவியர்களிடம் இருந்ததுதான், சிறையிருப்பில் தொலைத்ததை மீட்கிறோம் என்பது அவர் வாதத்தின் சாரம்.

1622-23-ல் வெனிஸில் புத்தகம் அச்சானது. மொத்தம் 33 பாடல்கள். அச்சுக்கூடத்தில் ஒரு சிக்கல். இசைக்குறிப்பு இடமிருந்து வலமாகப் போகும். எபிரேயம் வலமிருந்து இடமாக வரும். இரண்டும் ஒரே வரியில் எப்படி? எபிரேயச் சொற்களை அவற்றின் வழக்கப்படியே முழுதாக அச்சடித்து, உரிய ஸ்வரங்களுக்குக் கீழே வைத்தார்கள். பாடகர் இரண்டு திசையிலும் படித்தாக வேண்டும்!

அந்த 33-ல் ஒன்று இந்த ஆற்றங்கரைப் பாட்டு.

1630-ல் பேரரசுப் படை மான்ட்டுவாவைச் சூறையாடியது. அங்கிருந்த யூதர்கள் துரத்தப்பட்டார்கள். ரோஸ்ஸி என்ன ஆனார் என்பதற்குப் பதிவே இல்லை. அவரது எபிரேயப் பாடல்களை 19-ம் நூற்றாண்டில் பாரிஸ் நகரப் பாடகர் சாமுவேல் நௌம்பூர்தான் மறுபடி பதிப்பித்து உலகுக்குத் தந்தார்.

ஜூலை 5, 1852

அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரம். சுதந்திர தினத்துக்கு மறுநாள். மேடையில் ஃபிரெடெரிக் டக்ளஸ். மேரிலாண்டில் அடிமையாகப் பிறந்து, 1838-ல் தப்பி வந்தவர். 

அவர் கையில் எடுத்தது 137-வது சங்கீதத்தை. லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் சங்கிலியில் இருக்கும்போது, அவர்களில் ஒருவனை அழைத்து உங்கள் விழாவைக் கொண்டாடச் சொல்வது, பாபிலோனியர்கள் கைதிகளிடம் பாட்டுக் கேட்டதைப் போன்றதல்லவா என்று கேட்டார். அவையில் இருந்தவர்களுக்கு அந்தச் சங்கீதம் தெரிந்திருக்கும். ஆனால், அதில் தாங்கள் யார் என்பது அன்றைக்குத்தான் உறைத்திருக்கும்.

அடிமைகளின் வம்சத்தில் வந்த ஜமைக்காவின் 'மெலோடியன்ஸ்' குழு 1970-ல் இதே சங்கீதத்தை ரெக்கே பாட்டாக்கியது. அதைத்தான் 'போனி எம்' எட்டு ஆண்டுகள் கழித்து எடுத்துப் பாடியது.

யாரும் பாட விரும்பாத முடிவு

இரண்டு குழுக்களுமே பாட்டின் முன்பாதியை எடுத்துக்கொண்டு, பின்பாதியை விட்டுவிட்டன. அதற்குப் பதிலாக 19-வது சங்கீதத்தின் அமைதியான கடைசி வசனத்தைச் சேர்த்துக்கொண்டன. காரணம் இருக்கிறது. 137-ன் கடைசி வசனம் படிப்பவரை உறைய வைக்கும். பாபிலோனின் கைக்குழந்தைகளைப் பாறையில் மோதிக் கொல்பவன் பேறு பெற்றவன் என்கிறது அது.

பிரார்த்தனைப் புத்தகத்தில் இப்படி ஒரு வசனமா?

கிறிஸ்தவ ஞானிகள் பல காலம் இதற்கு உள்பொருள் தேடினார்கள். குழந்தை என்பது மனதில் அப்போதுதான் முளைத்த தீய எண்ணம், பாறை என்பது கிறிஸ்து என்று விளக்கினார் புனித அகுஸ்தீன். 1971-ல் கத்தோலிக்கத் திருச்சபை புதுப்பித்து வெளியிட்ட திருப்புகழ்மாலையில், 137-ன் கடைசி மூன்று வசனங்கள் இடம்பெறவில்லை. சாபம் மிகுந்த 58, 83, 109 ஆகிய மூன்று சங்கீதங்கள் முழுமையாகவே விடப்பட்டன. ஜெபிக்கிறவர்களின் மனம் கலங்கக் கூடாது என்பது நோக்கம்.

நியாயமான அக்கறைதான். ஆனாலும் ஒன்று உண்டு. பழங்காலப் போர்களில் குழந்தைகளுக்கு இந்தக் கொடுமை நேர்ந்ததை பைபிளின் வேறு நூல்களும் சொல்கின்றன. பாடியவர் தன் ஊரில் கண்டதையே எதிரிக்குத் திருப்பிக் கேட்டிருக்கலாம். அது சரியான ஆசை அல்ல. ஆனால், ஒரு மனிதனை எவ்வளவு நொறுக்கினால் இப்படிக் கேட்பான் என்பதற்கு அந்த வசனம் சாட்சி. அதை நீக்கிவிட்டால் ஆடுவதற்கு ஏற்ற பாட்டு கிடைக்கும். சிறைபிடித்தவர்களுக்கும் அது பிடித்துப்போகும்!

பக்தர்கள் தங்கள் கோபத்தைக் கடவுளிடமிருந்து மறைக்கவில்லை. அவர் காதிலேயே போட்டார்கள். தொகுத்தவர்களும் அதை அழிக்கவில்லை.

சாப்பாட்டு மேஜையில்...

யூதக் குடும்பங்களில் சாப்பிட்டு முடித்ததும் நன்றி ஜெபம் சொல்வார்கள். அதற்கு முன்னால் சாதாரண நாள்களில் 137-வது சங்கீதத்தைச் சொல்வது பழைய வழக்கம். வயிறு நிறைந்த நேரத்திலும் இழந்ததை மறக்கக் கூடாது என்பதற்காக. ஓய்வுநாளிலும் பண்டிகைகளிலும் அதை விட்டு 126-வது சங்கீதத்துக்கு மாறுவார்கள். அது ஊர் திரும்பியவர்களின் பாட்டு. கனவு காண்பதுபோல் இருக்கிறது என்று வாய்விட்டுச் சிரிப்பவர்களின் பாட்டு.

அந்நிய மண்ணில் எப்படிப் பாடுவது என்று கேட்டவர்கள், அந்தக் கேள்வியையே பாட்டாக்கிவிட்டுப் போனார்கள். வாரத்தில் ஆறு நாள் அந்த அழுகை, ஏழாம் நாள் இந்தச் சிரிப்பு. இரண்டும் ஒரே மேஜையில், ஒரே புத்தகத்திலிருந்து!