பந்தைத் தடுத்தாயிற்று, பிறகு?

லாக்ரோஸ் என்னும் ஆட்டத்தை நம் மன்றத்து அன்பர்களுள் பலர் பார்த்திருக்கமாட்டார்கள். வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் வளர்த்த ஆட்டம் அது. நுனியில் வலை கட்டிய மட்டையில் பந்தை ஏந்தி ஓடுவார்கள், எறிவார்கள், பிடிப்பார்கள். 1904இலும் 1908இலும் ஒலிம்பிக் பதக்கத்துக்கு ஆடப்பட்ட அது, பக்கத்துக்கு அறுவர் ஆடும் வடிவில் 2028இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் மீண்டும் இடம்பெறவிருக்கிறது. நான் அந்த மட்டையைக் கையால் தொட்டவனல்லன். ஒளிப்பதிவுகளைப் பார்த்தும் விதிகளைப் படித்தும் பித்துப் பிடித்தவன்.

அந்தப் பித்து தந்த துணிவில் ஒன்று சொல்கிறேன். எந்தப் பந்தாட்டமானாலும், புதிதாக வரும் கோல் கீப்பருக்கும் பின்வரிசையினருக்கும் பந்தைத் தடுக்கத்தான் கற்றுத்தருகிறார்கள். தடுத்த பந்தை என்ன செய்வது? "தூர எறி, தொல்லை விட்டது" என்பதோடு பாடம் முடிகிறது. இது தவறு என்பதற்கு லாக்ரோஸே கணக்கோடு சான்று தருகிறது.

ஆடவர் பெருங்கள ஆட்டத்தில் பக்கத்துக்குப் பத்துப் பேர். எப்போதும் தன் பாதியில் நால்வரும் எதிர்ப்பாதியில் மூவரும் இருந்தே தீரவேண்டும் என்பது விதி. நம் கோலருகே பந்து நம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மவர் மூவர் அக்கரையில் நிற்க, மீதி எழுவர் இங்கே. எதிரிகளோ நால்வரை அங்கே விட்டுவிட்டு அறுவர்தான் துரத்தி வரமுடியும். ஆக, இங்கே எழுவருக்கு அறுவர். அங்கே மூவருக்கு நால்வர். பந்தைக் கண்மூடித் தூர எறிகிறவன், ஓர் ஆள் மிகுதியாக இருக்கும் இடத்திலிருந்து ஓர் ஆள் குறைவாக இருக்கும் இடத்துக்கு அதை அனுப்பிவைக்கிறான்! அறிவியல் மாணவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்த ஏழாவது ஆள் யார் தெரியுமா? கோல் கீப்பர்தான். 9 அடி ஆரமுள்ள அவருடைய வட்டத்துக்குள் எதிரி காலெடுத்து வைக்கக் கூடாது. ஆனால் பந்தோடு அவர் அங்கே 4 விநாடிதான் நிற்கலாம். அமெரிக்கக் கல்லூரி விதிப்படி 20 விநாடிக்குள் பந்து நடுக்கோட்டைத் தாண்டவேண்டும். தடுத்த கணத்திலேயே தலை நிமிர்ந்து, முன்னே ஓடும் நடுவரிசைக்காரனைப் பார்க்கவேண்டும். அவன் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கோலுக்குப் பின்புறம் வந்து நிதானிக்கவேண்டும். பின்வரிசையினர் இருபுறமும் எல்லைக்கோடு வரை விரிந்துகொள்ள வேண்டும். பந்தை வைத்திருப்பவன் ஓர் எதிரி தன்மீது பாய்ந்து வரும்வரை விடாமல் இருந்து, அவன் விட்டுவந்த ஆளுக்கு எறியவேண்டும். சீக்கிரம் எறிந்தாலும் கெட்டது. இந்தப் பொறுமைதான் கற்பிக்க மிகக் கடினமானது. 6 அடி வரை நீளும் மட்டையோடு ஓடிக்கொண்டே, தோளுக்கு மேலாக வரும் பந்தைத் திரும்பிப் பார்த்துப் பிடிக்கவும் பழக வேண்டும்.

"புதியவன் கோலருகே பந்தைத் தவறவிட்டால்?" என்று கேட்பார்கள். தவறவிடுவான், கோலும் விழும். கோல் கீப்பர் வெளியே வந்திருந்தால் வெறும் வலைதான். அதனால்தான் பயிற்சியில் விழட்டும் என்கிறேன். தடுத்ததும் ஊதல் ஊதிப் பயிற்சியை நிறுத்தாமல், பந்து நடுக்கோட்டைத் தாண்டும்வரை எழுவரும் அறுவரும் ஆடட்டும், கடிகாரமும் ஓடட்டும்.

கால்பந்திலும் இப்படித்தான் நடந்தது. தன் அணியினர் காலால் திருப்பித் தரும் பந்தைக் கோல் கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்று 1992இல் விதி வந்தது. அதன் பிறகுதான் அவருக்கும் கால் இருக்கிறது என்பது பலர் நினைவுக்கு வந்தது! ஒலிம்பிக்கில் வரவிருக்கும் அறுவர் ஆட்டமோ இன்னும் ஒரு படி மேல். எதிரி கோல் போட்டதும் பந்தை நடுவுக்குக் கொண்டுபோவதில்லை. கோல் கீப்பரே எடுத்து ஆட்டத்தைத் தொடங்குகிறார். 30 விநாடிக்குள் அவருடைய அணி எதிரியின் கோலை நோக்கி எறிந்தாகவேண்டும்.

நம் விடுதி மைதானத்தில் மாலைக் கால்பந்துக்கு ஆள் பிரிக்கும்போது, ஓடத் தெரியாதவனைக் கோலில் நிறுத்துகிறோம். சென்ற ஆண்டு முழுவதும் அங்கே நின்றவன் நான். பந்து கைக்கு வந்ததும் பத்துக் குரல்கள் "அடி, அடி" என்று கத்தும். அடுத்த முறை இரண்டு பேர் மட்டும் கத்தாமல் பக்கவாட்டில் விலகி நின்று பாருங்கள்; உருட்டிவிடுகிறேன்.