மாத்திரைக்குத் தெரியாத டைம்டேபிள்

தேஹு ரோடு ரயில் நிலையத்தில் காலை லோக்கலுக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் ஒரு பொறியியல் மாணவனைக் கற்பனை செய்துகொள்ளலாம். தாத்தா காலத்தில் ராணுவத் தளவாடக் கிடங்கு வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, கல்லூரியில் இந்தியும் ஆங்கிலமும். முதுகுப் பையில் எழுதாத நான்கு லேப் ஜர்னல்கள். வெள்ளிக்கிழமை சப்மிஷன். போதாக்குறைக்குப் போன ஆண்டு தோற்ற இரண்டு பாடங்கள் 'ஏடிகேடி'யில் நிற்கின்றன. தோல்வியைச் சுமந்துகொண்டே அடுத்த வகுப்புக்குப் போக மகாராஷ்டிரப் பல்கலைக்கழகங்கள் தரும் சலுகை அது.

அதே பையில் ஒரு மாத்திரைப் பட்டையும் இருக்கிறது. கவனக்குறைவு, மிகை இயக்கம் என்று மனநல மருத்துவர்கள் விவரிக்கும் ஏடிஎச்டி அவனுக்கு இருப்பதாகத் தெரிந்து இரண்டு மாதம் ஆகிறது. மாத்திரை தவறாமல் உள்ளே போகிறது. ஜர்னல் மட்டும் நகரவில்லை. "மருந்து சாப்பிட்டுமா இப்படி?" என்று கேட்கிறார் அம்மா. பையனும் தன்னைத்தானே அதைத்தான் கேட்டுக்கொள்கிறான்.

இந்தக் கேள்விக்கான பதில் மருந்தின் இயல்பிலேயே இருக்கிறது. மெத்தில்ஃபெனிடேட் புதிய சரக்கல்ல. ஸ்விட்சர்லாந்தின் சீபா கம்பெனியில் லியாண்ட்ரோ பானிசான் என்ற வேதியியலாளர் 1944-இல் தயாரித்தது. மனைவி ரீட்டாவின் பெயரை ஒட்டி 'ரிட்டாலின்' ஆயிற்று. மூளையில் டோபமின், நார்அட்ரினலின் என்ற ரசாயனங்கள் சீக்கிரம் உறிஞ்சப்பட்டுவிடாமல் இது தடுக்கிறது. அலைபாயும் மனம் ஓரிடத்தில் நிற்கிறது. ஆனால் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று மருந்து சொல்வதில்லை. மாத்திரை வேலை செய்யத் தொடங்கும்போது கையில் ஜர்னல் இருந்தால் ஜர்னல். செல்போன் இருந்தால் செல்போன். மூன்று மணி நேரம் அசையாமல் கிரிக்கெட் வீடியோ பார்க்கவும் அதே கவனம் உதவும்.

அடுத்தது நேரக் கணக்கு. சாதாரண மாத்திரை அரை மணி முதல் ஒரு மணிக்குள் வேலையைத் தொடங்கி, மூன்று நான்கு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். தேஹு ரோட்டில் காபியோடு விழுங்கிவிட்டு அகுர்டி, சிஞ்ச்வட், பிம்ப்ரி என்று ஒவ்வொரு நிலையமாக நின்று போகும் வண்டியில் ஏறினால், மருந்தின் நல்ல நேரத்தில் ஒரு பகுதி கம்பியைப் பிடித்துத் தொங்குவதிலேயே கழிகிறது. மாலையில் வீடு திரும்பி ஜர்னலைப் பிரிக்கும்போது உள்ளே மருந்து இருக்காது. எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் மெல்லக் கரையும் மாத்திரைகளும் உண்டு. அவற்றைத் தாமதமாகப் போட்டால் ராத்திரித் தூக்கம் போகும். மதியம் பசி மந்தமாவதால் அம்மா கட்டிக்கொடுத்த டப்பா அப்படியே திரும்பி வருவதும் உண்டு. இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்பதை முடிவு செய்ய, மாணவனின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பது மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும். பெரும்பாலான மாணவர்கள் அதைச் சொல்வதே இல்லை.

மருந்து வாங்குவது தனிப் பரீட்சை. மெத்தில்ஃபெனிடேட் இந்தியாவில் 'ஷெட்யூல் எக்ஸ்' பட்டியலில் இருக்கிறது. 1985-இன் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாடும் உண்டு. டாக்டர் சீட்டு இரண்டு பிரதிகளாக வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும். இதற்கெனத் தனி லைசென்ஸ் தேவை என்பதால் மூலைக்கு மூலை கிடைக்காது. காகிதத்தைத் தொலைக்காதே, தேதியை மறக்காதே, தீருவதற்கு முன்பே போய் நில் என்கிறது சட்டம். இந்த மூன்றும் யாருக்கு முடியவில்லையோ அவருக்குத்தான் இந்த மருந்து! இந்தக் கெடுபிடி இல்லாத அடொமாக்ஸிட்டின் என்ற மருந்தும் இருக்கிறது. ஆனால் தினமும் சாப்பிட்டாலும் அதன் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். சப்மிஷனுக்கு முந்தின நாள் நினைத்துக்கொண்டு போட்டுப் பயனில்லை.

தள்ளிப்போடுகிற எல்லோருக்கும் ஏடிஎச்டி என்று அர்த்தமில்லை. அப்படிப் பார்த்தால் பாதிக் கல்லூரி மருந்துக்கடையில்தான் நிற்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013-ஆம் ஆண்டுக் கையேடு கறாரானது. 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் தெரிந்திருக்க வேண்டும். வீடு, கல்லூரி என்று குறைந்தது இரண்டு இடங்களிலாவது பாதிப்பு இருக்க வேண்டும். அதனால்தான் மருத்துவர் பழைய பிராகரஸ் ரிப்போர்ட்டைக் கேட்கிறார். 'கெட்டிக்காரன், கவனம் போதாது' என்று ஆண்டுதோறும் டீச்சர் எழுதிய ஒற்றை வரி பத்து வருஷம் கழித்து உதவுகிறது. கூச்சல் போடாமல் ஜன்னல் வழியே வெறித்துக்கொண்டிருந்த பெண்களை அந்த டீச்சரும் கவனிக்காமல் விட்டிருக்கலாம். மனச்சோர்வும் தூக்கமின்மையும் இதே போல வேடம் போடும் என்பதால் அவற்றையும் மருத்துவர் விலக்கிப் பார்க்க வேண்டும்.

நண்பனின் பட்டையிலிருந்து பரீட்சைக்கு முந்தின இரவு ஒன்றை உருவிக்கொள்வது ஆபத்து. சட்டப்படி குற்றமும்கூட. கொடுத்தவன் மாதக் கடைசியில் மருந்தில்லாமல் நிற்பான்.

சரி, ஜர்னலுக்கு என்ன வழி? ஏடிஎச்டி உள்ளவருக்கு வெள்ளிக்கிழமை என்பது வியாழன் இரவுதான் கண்ணில் படுகிறது. தூரத்துக் கெடு மனதில் உறைப்பதில்லை. இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டினால் அவமானம்தான் கூடும். அவமானப்படுத்தும் நோட்டைத் திறக்க யாருக்கும் கை வராது. எனவே மனநல சிகிச்சையாளர்கள் மருந்தோடு பழக்கங்களையும் சொல்லித் தருகிறார்கள். நான்கு ஜர்னல் என்பது வேலையல்ல, மலை. 'முதல் சோதனையின் தலைப்பும் படமும்' என்பது வேலை. மாத்திரை பிடிக்கும் முன்பே நோட்டு மேஜையில் திறந்திருக்க வேண்டும். செல்போன் வேறு அறையில். கண்ணெதிரே கடிகாரம். பக்கத்தில் தன் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்யும் ஒரு நண்பன் இருந்தால் இன்னும் நல்லது. கெடுவைத் துண்டுகளாக்கித் தரச் சொல்லிப் பேராசிரியரிடம் முன்கூட்டியே கேட்பதில் வெட்கமில்லை. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடு இருக்கிறது. ஏடிஎச்டி தனியாக இல்லை. ஆக, பேச்சுதான் வழி.

எங்கே போவது என்று தெரியாதவர்களுக்கு 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 எண் இருக்கிறது. இலவசம். தமிழிலும் பேசலாம். தேஹு ரோட்டுக்காரர்களுக்கு லோக்கலின் கடைசி நிலையமான புனேயில், ஸ்டேஷனை ஒட்டியே சசூன் அரசு மருத்துவமனை இருக்கிறது.

வீட்டில் இருப்பவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டியது ஒரு கேள்வியை மட்டும்தான். "ஏம்ப்பா இன்னும் முடிக்கல?" என்பதற்குப் பதில், "முதல் பக்கம் எத்தனை மணிக்கு, எங்க உக்காந்து எழுதப் போற?" இரண்டாவது கேள்விக்கு அந்தப் பையனால் பதில் சொல்ல முடியும்.