கம்பம் உயரட்டும்!

கலங்கரை விளக்கத்தைக் குட்டையாகக் கட்டியவர் எவரேனும் உண்டோ? உயர நின்றால்தான் ஒளி தொலைவு செல்லும் என்பது பழவேற்காட்டு விளக்கை அண்ணாந்து பார்க்கும் சிறுவனுக்கும் தெரியும். ஆனால் அதே கரையில், கடலில் இருப்பவரோடு பேசுவதற்கென வைத்த வயர்லெஸ் நிலையத்தின் ஏரியலை மட்டும் கூரையோரத்தில் கட்டிவிட்டு, "பெட்டி சரியில்லை" என்று பழிக்கிறோம். இது முறையா என்று கேட்கவே இக்கட்டுரை.

நான் எளாவூரிலிருந்து நாள்தோறும் ரயிலேறிக் கல்லூரிக்கு வருபவன், இயற்பியல் மாணவன். என் தாய்மாமன் கடலோரக் குப்பமொன்றில் ஃபைபர் படகில் தொழில் செய்பவர். ஓர் ஐப்பசி மாலை முகத்துவாரத்தில் அலை புரண்டு கொண்டிருந்தது. மாமாவின் படகு திரும்பவில்லை. கரையிலிருந்த வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தோம், இரைச்சல்தான் மிச்சம். அத்தை இரவு முழுவதும் மணலிலேயே உட்கார்ந்திருந்தார். விடிந்தபின் கரையேறிய மாமா என்னைத்தான் முதலில் கேட்டார்: "ராவெல்லாம் கூப்பிட்டேனே, ஒருத்தர் காதுலயும் விழலியாடா? காலேஜுல படிக்கிறியே, இந்தப் பெட்டி ஏன் பேச மாட்டேங்குது?"

மறுநாள் ஏணி வைத்து ஏறினேன். ஏரியலின் அடியில் கேபிள் இணைப்பு உப்புக்காற்றில் பச்சை பூத்துக் கிடந்தது. ஏரியலோ ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருந்தது. பெட்டியின் மேல் குற்றமில்லை.

நண்பர்களே, பாடப்புத்தகத்தில் நாம் படிப்பது இங்கேதான் உயிர் பெறுகிறது. கடல்சார் வி.எச்.எஃப். வானொலியின் 16-ஆம் அலைவரிசை 156.8 மெகாஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் 1.91 மீட்டர், கால் அலைநீளம் சுமார் 48 சென்டிமீட்டர். ஏறக்குறைய அந்த நீளமுள்ள ஒரு கம்பியைச் செங்குத்தாக நிறுத்தி, அடியில் நான்கு கம்பிகளைப் பரப்பினால் எளிய ஏரியல் தயார். செங்குத்தாக நிற்பதால் எல்லாத் திசைகளுக்கும் அது சமமாகப் பேசும். படகிலுள்ள ஏரியலும் செங்குத்தாகவே நிற்பதால் இரண்டும் ஒத்துப்போகும். ஒன்று படுத்துவிட்டால் ஒலி மங்கும்.

இத்தகைய ஏரியல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஆற்றல் வானத்துக்கு வீணாகாமல் கடல்மட்டம் நோக்கிப் பரவும். உருண்டை மாவைத் தேய்த்தால் மாவு கூடுவதில்லை, பூரிதான் அகலுகிறது, அதுபோலத்தான் இதுவும். ஆடும் படகுக்கு இந்தத் தட்டையான அலை ஆகாது. ஆடாத கரைக்கோ மிக நன்று.

எல்லாவற்றினும் முக்கியமானது உயரம். இந்த அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவு அவற்றை மறைக்கும். கரை ஏரியலின் உயரத்துக்கும் படகு ஏரியலின் உயரத்துக்கும் மீட்டரில் வர்க்கமூலம் கண்டு, அவற்றைக் கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் எட்டும் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். படகில் 1 மீட்டர், கரையில் 9 மீட்டர் என்றால் சுமார் 16 கிலோமீட்டர். கரைக் கம்பத்தை 25 மீட்டராக உயர்த்தினால் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். ஆற்றலை 5 வாட்டிலிருந்து 25 வாட்டாக்கினாலும் பூமியின் வளைவு வழிவிடுவதில்லை. ஆகவே புதுப்பெட்டி வாங்கும் முன் கம்பத்தை உயர்த்துங்கள் என்கிறேன்.

"கைபேசி இருக்கிறதே" என்பர் சிலர். கைபேசி ஒருவரோடு ஒருவர் பேசுவது. வயர்லெஸ்ஸில் ஒருவன் அலறினால் எட்டுந்தொலைவில் அந்த அலைவரிசையைத் திறந்து வைத்திருக்கும் படகெல்லாம் கேட்கும். 2019-இல் வந்த ஜெமினி கருவி செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை தருகிறது. ஆனால் அது கேட்கும் செவியே அன்றிப் பேசும் வாய் அன்று. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலின்போது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி எட்டாததையும் மறக்க முடியாது. அத்தொலைவுக்குச் செயற்கைக்கோளே வேண்டும். அன்றாடம் கரையோரம் தொழில் செய்பவருக்கு வேண்டியது உயர்ந்த கம்பம்.

இது வெறுங்கனவு அன்று. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்தபோது வி.எச்.எஃப். வானொலியையும் இணைப்புக்குப் பயன்படுத்தியது. வீராம்பட்டினத்தில் அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் அறிவித்தனர். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாட்டில் அத்தகைய ஒலிபெருக்கி ஊரையே எச்சரித்துப் பலரைக் காத்தது.

நம் ஏரிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் 1980 ஜூலை 18-இல் எஸ்.எல்.வி.-3 ரோகிணியை விண்ணுக்கு ஏற்றியது. விண்கலத்தோடு பேசும் தீவு ஒரு பக்கம். சில மைல் தொலைவிலுள்ள படகோடு பேச இயலாத குப்பம் மறுபக்கம்!

கம்பம் நட்டால் மட்டும் போதாது, பராமரிக்க வேண்டும். அதற்கும் வழி நம்மிடமே உண்டு. பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடிக்கும் இடத்தை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' வழக்கம் இருக்கிறது. அதேபோல் இணைப்பைத் துடைப்பதற்கும், ரப்பர் நாடா சுற்றுவதற்கும், இடிதாங்கியைச் சோதிப்பதற்கும் குப்பங்கள் பாடு வைத்துக்கொள்ளலாம். அளவுக்கருவியுடன் ஆண்டுக்கு இருமுறை சென்று சோதிக்க நம் இயற்பியல் துறை மாணவர் முன்வரலாம். கம்பத்தை அரசு தரட்டும். கவனிப்பை நாம் தருவோம்.

மாமாவின் கேள்விக்கு அன்று என்னிடம் விடையில்லை; இன்று இருக்கிறது. அடுத்த ஐப்பசிக்குள் அந்த விடை கரையில் உயர்ந்து நிற்க வேண்டும்.