அலியும் மார்சியானோவும் மோதினால் ஜெயிப்பது யார்? கம்ப்யூட்டர் சொன்ன தீர்ப்பு செல்லுமா?

தோல்வியே காணாதவர் ராக்கி மார்சியானோ. மேடையில் துள்ளித் துள்ளி ஆடியவர் முகமது அலி. இரண்டு பேரும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்? குத்துச்சண்டை ரசிகர்கள் நாலு பேர் கூடினால் டீ ஆறிப்போகும் வரை நடக்கிற வாதம் இது.

மார்சியானோ ஓய்வு பெற்றது 1956-ல். அலி தொழில்முறைச் சண்டையில் இறங்கியது 1960-ல். நேருக்கு நேர் மோத வழியே இல்லை. ஆனாலும் அமெரிக்காவில் ஒரு தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். சொன்னது மனிதன் அல்ல, கம்ப்யூட்டர்!

டோப்பா வைத்த சாம்பியன்

மியாமி நகர வானொலித் தயாரிப்பாளர் மர்ரே வொரோனர், இருவரின் சண்டை விவரங்களையும் கம்ப்யூட்டருக்குள் போட்டார். 1969-ல் இருவரையும் மேடையேற்றிப் படம் பிடித்தார். மார்சியானோவுக்கு அப்போது 45 வயது. தொப்பையைக் கரைத்து, தலையில் டோப்பா வைத்துக்கொண்டு வந்தார். வியட்நாம் போருக்குப் போக மறுத்த அலிக்கோ 1967-லேயே பட்டமும் லைசென்சும் பறிபோயிருந்தன.

1970 ஜனவரி 20-ந் தேதி தியேட்டர்களில் படம் ஓடியது. 13-வது ரவுண்டில் அலி நாக்-அவுட்! அதைப் பார்க்க மார்சியானோ இல்லை. 1969 ஆகஸ்டு 31-ந் தேதி விமான விபத்தில் பலியாகிவிட்டார்.

ஐரோப்பாவில் காட்டிய படத்தில் என்ன நடந்தது தெரியுமா? மார்சியானோவின் முகம் கிழிந்து, அலி ஜெயித்தார்! ஒரே மெஷின், ஊருக்கு ஒரு தீர்ப்பு. இப்படி மாற்றிப் பேசும் சாட்சியை எந்தக் கோர்ட்டு நம்பும்? அன்றைக்கு அமெரிக்காவில் பலருக்கு அலி மேல் ஆத்திரம். அவர் விழுவதைக் காசு கொடுத்துப் பார்க்க ஆள் இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

49-க்கு 49

அதற்காக மார்சியானோ லேசுப்பட்டவர் அல்ல. 49 சண்டை, 49 வெற்றி. அதில் 43 நாக்-அவுட். 1952-ல் பிலடெல்பியாவில் ஜெர்சி ஜோ வால்காட்டிடம் முதல் ரவுண்டிலேயே விழுந்தார். புள்ளியிலும் பின்தங்கினார். 13-வது ரவுண்டில் வலது கையால் விட்டார் பாருங்கள் ஒரு குத்து! வால்காட் கயிற்றோடு சரிந்தார். பட்டம் கைமாறியது.

ஆனால் வால்காட்டுக்கு அப்போது வயது 38. அதற்கு முந்தைய வருஷம் மார்சியானோ வீழ்த்திய ஜோ லூயிசுக்கு 37. இளமையும் வேகமும் உள்ள பெரிய ஆள் ஒருவரையும் அவர் சந்தித்ததில்லை.

எட்டாத கை

அலி 6 அடி 3 அங்குலம். மார்சியானோ 5 அடி 10 அங்குலம்தான். கை நீளத்தில் சுமார் 10 அங்குல வித்தியாசம். உள்ளே நுழைய ஒவ்வொரு முறையும் அலியின் இடது கையிடம் மார்சியானோ வரி கட்ட வேண்டும். அவருடைய தோலோ சீக்கிரம் கிழியும். 1954-ல் எசார்டு சார்லஸ் அடித்த அடியில் மூக்கே பிளந்தது. ரெபரி சண்டையை நிறுத்திவிடுவாரோ என்கிற நிலையில்தான் 8-வது ரவுண்டில் முடித்தார்.

குனிந்து குனிந்து வந்த ஜோ பிரேசியர் 1971-ல் அலியைத் தள்ளவில்லையா என்று கேட்பார்கள். தள்ளினார். ஆனால் பிரேசியர் மார்சியானோவைவிடப் பெரிய ஆள். அலியைச் சாய்த்தது அவருடைய இடது கை. 1963-ல் ஹென்றி கூப்பர் சாய்த்ததும் இடது கையால்தான். மார்சியானோவின் பிரதான ஆயுதம் வலது கை. அதுவுமில்லாமல், மூன்றரை வருஷம் மேடை ஏறாமல் இருந்து, திரும்பி வந்த ஐந்தே மாதத்தில் மோதிய அலி அவர். அப்படியும் எழுந்து நின்றார்.

1980-ல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிசுடன் காட்சிச் சண்டை போட்ட அலியையும் இங்கே கணக்கில் எடுக்கக்கூடாது. அவர் ஓய்வு பெற்ற பிறகு வந்தவர். இங்கே பேசுவது, 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லண்ட் வில்லியம்சை மூன்றே ரவுண்டில் முடித்த 24 வயது அலியை.

அந்த அலி என்றால் முதல் ஐந்து ரவுண்டு அவருக்கே. அப்புறம் மார்சியானோ கையிலும் விலாவிலும் இடித்துத் தள்ளுவார், அலிக்கு வலிக்கும். ஆனால் 11-வது ரவுண்டுக்குள் மார்சியானோவின் கண் புருவம் கிழிந்து, ரெபரி குறுக்கே வந்துவிடுவார். நாக்-அவுட் கிடையாது.

கயிற்றில் சாய்ந்து அடி வாங்கிய 1975-க்குப் பிந்தைய அலி என்றால் மட்டும் பணத்தை மார்சியானோ மேல் கட்டலாம்.