புழுதியின் எடை

உழவு அதிகாரத்தில் வள்ளுவர் புழுதியை எடைபோட்டே பேசுகிறார். ஒரு பலம் மண் கால் பலமாகுமாறு உலருமாயின் எருவே வேண்டா என்பது அவர் கணக்கு. கரிசல் நிலத்தாராகிய நமக்கு இதன் உண்மை எளிதில் விளங்கும். நிலத்தில் கிடக்கும் புழுதி உழவர்க்குச் செல்வம். அதுவே சாலையில் எழுந்து மூச்சில் கலக்குமாயின் அதனை எடை போடுவார் யார்?

மதுரையிலிருந்து தூத்துக்குடி நோக்கி விரையும் லாரிகள் எட்டயபுரத்தை ஒட்டியே செல்கின்றன. கோவில்பட்டி, விளாத்திகுளம் பேருந்துகளும் உண்டு. உமறுப்புலவர் துயிலும் ஊர், பாரதி பிறந்த ஊர் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அவ்வூர்ச் சாலையோரத்தில் பேருந்துக்குக் காத்து நிற்கும் மாணவன் எதனை உள்ளிழுக்கிறான் என்று கேட்பார் அரியர். கேட்டால், "கரிசக்காடு, புழுதி பறக்கத்தானே செய்யும்" என்பர். இவ்விடையை நாம் ஏற்பதற்கில்லை.

மண்புழுதியின் பருந்துகள்கள் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். டீசல் புகைத் துகள்களோ 2.5 மைக்ரானுக்கும் சிறியவை. நுரையீரலின் அடிவரை செல்பவை. அவற்றுள் மிக நுண்ணியவை குருதியிலும் கலப்பவை. கண்ணை உறுத்தும் புழுதியினும் கண்ணுக்குத் தெரியாத இதுவே கொடிது. இரண்டையும் பிரித்தறியக் கருவி வேண்டும்.

கருவியின் அடிப்படை எளிது. வடிதாளை எடையிட்டு, அதன் வழியே காற்றை ஈர்த்து, மீண்டும் எடையிட்டால் கூடியிருப்பது துகளின் எடை. ஈர்த்த காற்றின் கனஅளவால் அதனை வகுத்தால், ஒரு கனமீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று கிடைக்கும். இது வள்ளுவரின் துலாக்கோலேதான் என்றால் அறிவியல் துறை நண்பர்கள் நகைக்கக்கூடும்! 2.5 மைக்ரான் துகளுக்கு நம் நாடு 2009இல் வகுத்த ஆண்டுச் சராசரி வரம்பு 40. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்ததோ 5.

தூத்துக்குடியில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் காற்றை அளந்து வருகிறது. 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்திலும் அந்நகர் இடம்பெற்றுள்ளது. ஆயினும் துறைமுகமும் அனல்மின் நிலையமும் உள்ள நகரின் எண்ணை எட்டயபுரத்துக்கு ஏற்றிச் சொல்லல் பொருந்தாது. ஒரே ஊரிலும், சாலையை விட்டுச் சில நூறு மீட்டர் விலகினாலே வாகனப் புகையின் செறிவு பெரிதும் குறைந்துவிடும். மாடியில் நிற்கும் கருவி, கீழே தேநீர் ஆற்றும் கடைக்காரரின் மூச்சைக் காட்டாது.

ஆகவே இவ்வட்டாரக் கல்லூரிகளே இப்பணியை மேற்கொள்ளலாம் என்பது நம் கருத்து. ஒளிச்சிதறல் முறையில் இயங்கும் சிறு கருவிகள் இன்று குறைந்த விலையில் கிடைக்கின்றன. ஈரம் மிகுந்த மார்கழி விடியலில் அவை மிகையாகக் காட்டும். வடிதாள் கருவியோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளல் வேண்டும். சித்திரை வெயிலில் ஒரு முறையும், ஐப்பசி மழை ஓய்ந்தபின் ஒரு முறையும், மூச்சுவிடும் உயரத்தில் அளக்கட்டும். கிடைக்கும் எண்களை நல்ல தமிழில் விளக்கிப் பேருந்து நிறுத்தத்தில் பலகையாக எழுதி வைக்கும் பொறுப்பைத் தமிழ்த்துறை மாணவர் ஏற்கட்டும்.