கணக்கு வேண்டாம் மாமா!

அக்கா மகன் பத்தாவது பாஸ் செய்துவிட்டான். பிளஸ் ஒன் விண்ணப்பத்தை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நேரே என்னைத் தேடி வந்தான். நான் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் இருந்தேன். (எங்கள் ஊரின் பெரிய முடிவுகள் அந்த ஆபீசில் எடுக்கப்படுகின்றன. மீதி எல்லாம் இந்த பெஞ்சில்.)

"மாமா, நான் சாஃப்ட்வேர் இன்ஜினீயர் ஆகப்போறேன்."

"சபாஷ்! என்ன குரூப் எடுக்கப்போற?"

"காமர்ஸ். அதுலதான் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் இருக்கே! கணக்கும் கிடையாது. நீங்களும் காமர்ஸ்தானே மாமா?"

எனக்கு டீ புரையேறிவிட்டது. இருமி முடித்து விளக்கினேன். தமிழ்நாட்டில் பி.இ. கவுன்சலிங்குக்கு கட்-ஆஃப் 200. அதில் கணக்குக்கு மட்டும் 100. இயற்பியல் 50, வேதியியல் 50.

"கம்ப்யூட்டர் மார்க்கு?"

"அதைச் சேர்க்க மாட்டாங்கடா."

பையன் முகத்தில் கரண்ட் போய்விட்டது. கம்ப்யூட்டர் படிப்பில் சேர கம்ப்யூட்டர் மார்க் வேண்டாமாம், வேதியியல் வேண்டுமாம்! நியாயமான கோபம்தான். எனக்கே இருக்கிறது.

சேர்ந்த பிறகாவது நிம்மதியா? அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ம் வருஷத்துப் பாடத்திட்டத்தை செல்போனில் எடுத்துக் காட்டினேன். முதல் வருஷம் கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பைத்தான், சி, அதோடு இன்ஜினீயரிங் கிராபிக்ஸ். அதாவது ஸ்கேல் வைத்துக் கோடு போடுவது. 'தமிழர் மரபு' என்று ஒரு பேப்பர்கூட உண்டு. இரண்டாம் வருஷம் மறுபடி கணக்கு. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அல்காரிதம், டேட்டாபேஸ் என்று நீளுகிறது. பையன் விரலால் தள்ளிக்கொண்டே போனான். ஆறாவது செமஸ்டரில் போய் நின்றான்.

"மாமா... சாஃப்ட்வேர் இன்ஜினீயரிங் இங்கதான் வருது! மூணாவது வருஷத்துல, ஒரே ஒரு பேப்பரு!"

அது சரிதான் என்பேன். சொந்தக் கணக்கு நோட்டு எழுதுவது வேறு. பத்துப் பேர் சேர்ந்து எழுதிய பேரேட்டை ஆடிட்டர் முன்னால் நீட்டுவது வேறு. இந்தப் பாடம் இரண்டாவது ரகம். வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு வாங்குவது (டெய்லரிடம் "கொஞ்சம் லூசா தைங்க" என்பவரிடம் அளவு வாங்குகிற மாதிரி), எழுதியதைச் சோதிப்பது, நாளைக்கு வேறொருவன் திறந்து பார்த்தாலும் புரிகிற மாதிரி வைப்பது. முதலில் நோட்டு எழுதிக் கை பழகியவனுக்குத்தான் பேரேடு புரியும்.

1968-ல் ஜெர்மனியில் கார்மிஷ் என்ற ஊரில் நிபுணர்கள் கூடி இந்தப் பெயரை வைத்தே மாநாடு நடத்தினார்கள். பெரிய புரோகிராம்கள் எல்லாம் தாமதமாகி, செலவு எகிறி, பிழையோடு வந்துகொண்டிருந்த காலம். அதற்குப் பிறகும் 1996-ல் ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் கிளம்பி சுமார் 40 வினாடியில் வெடித்தது. பழைய ஏரியன் 4-ன் புரோகிராமை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். புது ராக்கெட்டுக்கு வேகம் அதிகம். 16 பிட் இடத்தில் அடங்காத எண் வந்து விழுந்தது. கணக்கு வேண்டாமாம்!

"கணக்கு இல்லாம வழியே இல்லியா?"

இருக்கிறது. பி.சி.ஏ. மூன்று வருஷம், பிறகு எம்.சி.ஏ. அதை 2020-ல் மூன்று வருஷத்திலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். அந்த வழியில் போய் நன்றாக இருப்பவர்கள் நிறையப் பேர். நானும் பி.காம். முடித்து எம்.சி.ஏ. சேர ஒரு காலேஜ் வாசலில் நின்றேன். "பிளஸ் டூவிலோ டிகிரியிலோ கணக்கு உண்டா?" என்று கேட்டார்கள். பதினைந்து வயசில் கணக்கு வாத்தியாருக்குப் பயந்து காமர்ஸில் டிக் அடித்தவன் என்ன பதில் சொல்வான்? டேலி கற்றுக்கொண்டு ஊர் திரும்பினேன். இதை அவனிடம் மட்டும்தான் சொன்னேன். இப்போது உங்களிடம்.

பையன் பேசவில்லை. விண்ணப்பத்தை மறுபடி மடித்துக்கொண்டு போனான்.

ராத்திரி அக்கா போன் செய்தாள். "டேய், பையனை என்னடா பண்ண? ஒன்பதாவது கணக்குப் புத்தகத்தைப் பரண்லேர்ந்து எடுத்து வச்சிக்கிட்டு முறைச்சிக்கிட்டு இருக்கான். சோறு ஆறுது!"