டிஸ்க் காணோமா? ஃபார்மெட் வேண்டாம்!

சிறுசேரி சிப்காட்டிலிருந்து ஒரு வாசகி: “விஎம்வேரில் ஓடிய விண்டோஸ் விர்ச்சுவல் மெஷினை கேவிஎம்முக்கு மாற்றினேன். நீலத்திரைதான் வருகிறது. டேட்டா போச்சா?”

போகவில்லை, பதறாதீர்கள். ‘விர்ட்ஐஓ’ வகை டிஸ்க்கைப் படிக்கும் டிரைவர் விண்டோஸோடு வருவதில்லை. டிஸ்க் இருக்கிறது, விண்டோஸுக்குத்தான் கண் தெரியவில்லை.

முதலில் ஒரு காப்பி எடுத்துவிடுங்கள். டிஸ்க்கை ‘சாட்டா’ வகைக்கு மாற்றினால் பெரும்பாலும் பூட் ஆகிவிடும். கூடவே 1 ஜிபியில் காலி விர்ட்ஐஓ டிஸ்க் ஒன்றை இணைத்து, ஃபெடோரா தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ‘விர்ட்ஐஓ-வின்’ ஐஎஸ்ஓவிலிருந்து டிரைவரை நிறுவுங்கள். காலி டிஸ்க் எதற்கு? அதைப் பார்த்தால்தான் விண்டோஸ் அந்த டிரைவரை பூட் பட்டியலில் சேர்க்கும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்! டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி மறைந்ததும் ஷட்டவுன் செய்து, பழைய டிஸ்க்கை விர்ட்ஐஓவுக்கு மாற்றுங்கள்.

நெட் வரவில்லையா? அதே ஐஎஸ்ஓவில் ‘நெட்கேவிஎம்’ ஃபோல்டரைப் பாருங்கள்.